ஐ.ஆர்.எஸ். வரி பாக்கி: வக்கீல் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பும் உறையைப் பிரிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிற பழக்கம் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு உண்டு. நல்ல சம்பளம், வருடா வருடம் ஒழுங்காக டாக்ஸ் ஃபைல் செய்கிறவர்கள்தான். ஆனாலும் இந்தப் பாக்கி கிரீன் கார்டிலோ குடியுரிமையிலோ போய் முட்டுமோ என்று பயம். அதே பயத்தில் இன்னொரு சாரார், "உங்கள் பாக்கியைச் சில சதவீதத்துக்கே முடித்துத் தருகிறோம்" என்ற விளம்பரத்தைக் கேட்டு, முகம் தெரியாத கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

வரி பாக்கி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வக்கீல் தேவையே இல்லை. தேவைப்படும் சில இடங்களிலோ, வக்கீலைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. தொகையின் அளவை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எண்பதாயிரம் டாலர் பாக்கியைத் தானே பேசித் தவணை போட்டு முடிக்கலாம். எட்டாயிரம் டாலர் விஷயத்தில் வக்கீல் இல்லாமல் ஒரு வரி எழுதுவதே ஆபத்தாகலாம். இங்கே நான் சொல்வது ஃபெடரல் வரி பற்றி மட்டும்தான். கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் வரித்துறைகளுக்குத் தனி விதிகள், தனிக் கெடுக்கள்.

முதல் படி: உறையைப் பிரித்து எண்ணைப் பாருங்கள்

ஐ.ஆர்.எஸ். பெரும்பாலும் முதலில் தபாலில்தான் வரும். போனில் மிரட்டி, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்பவர் ஐ.ஆர்.எஸ். ஆள் இல்லை. 2016-ல் மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோட்டில் போலீஸ் மடக்கிய கால் சென்டர்களில் இதே வேலைதான் நடந்தது.

நிஜமான கடிதத்தின் மூலையில் ஒரு எண் இருக்கும். முழுக் கடிதத்தையும் படிக்கும் முன் அதைப் பாருங்கள்.

சி.பி. 14 என்றால் முதல் பில். "இவ்வளவு பாக்கி, கட்டுங்கள்" என்பதோடு சரி. கட்டாமல் விட்டால் சி.பி. 501, 503, 504 என்று குரல் உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் எல்.டி. 11 அல்லது லெட்டர் 1058 வரும். சம்பளத்தையும் வங்கிக் கணக்கையும் பிடிக்கப் போகிறோம் என்ற இறுதி அறிவிப்பு இது. இதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் படிவம் 12153 அனுப்பினால் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அது முடியும்வரை பொதுவாக லெவி, அதாவது அந்தப் பிடிப்பு, நிற்கும், முடிவு பிடிக்காவிட்டால் டாக்ஸ் கோர்ட்டுக்கும் போகலாம். 30 நாளைத் தவறவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் அதே மாதிரி ஒரு விசாரணை கேட்கலாம். ஆனால் அதற்கு லெவியை நிறுத்தும் பலம் இல்லை, கோர்ட்டுக்கும் பொதுவாக வழி இல்லை.

சி.பி. 2000 பில் இல்லை. உங்கள் ரிட்டர்னுக்கும், வங்கியும் புரோக்கரும் அனுப்பிய கணக்குக்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் உத்தேசக் கடிதம். ஐ.டி.யில் இருக்கும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி வரக் காரணம், சம்பளத்தின் பகுதியாகக் கம்பெனி தரும் ஆர்.எஸ்.யு. பங்குகள். அறுபதாயிரம் டாலருக்குப் பங்கு விற்றிருப்பீர்கள். அந்தப் பங்கு கைக்கு வந்தபோதே அதன் மதிப்பு சம்பளத்தில் சேர்ந்து வரியும் பிடித்தாயிற்று. நிஜ லாபம் ஐந்நூறு டாலர்தான். ஆனால் விற்பனையை ரிட்டர்னில் காட்ட மறந்துவிட்டீர்கள். வாங்கிய விலை தெரியாத ஐ.ஆர்.எஸ். முழு அறுபதாயிரத்தையும் லாபமாக எடுத்துக்கொண்டு பெரிய தொகையாகக் கேட்கும். இதற்கு வக்கீல் வேண்டாம். புரோக்கர் ஸ்டேட்மென்ட்டை வைத்துப் படிவம் 8949 நிரப்பி, விளக்கத்தோடு கெடுவுக்குள் அனுப்பினால் போதும்.

அந்தக் கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டால் அடுத்து வருவது 90 நாள் நோட்டீஸ். என் கணக்கில் ஐ.ஆர்.எஸ். அனுப்பும் கடிதங்களிலேயே மிக முக்கியமானது இதுதான். வரியைக் கட்டாமலே வழக்காடக்கூடிய இடம் டாக்ஸ் கோர்ட். அதில் மனு போட 90 நாள். இந்தியா போன்ற வெளிநாட்டு முகவரிக்கு வந்திருந்தால் 150 நாள். கடைசித் தேதி நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கும். ஐ.ஆர்.எஸ்.ஸைப் போனில் கூப்பிட்டுப் பேசினாலும், ஆவணம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தாலும் இந்தத் தேதி நகராது. "பேசிக்கொண்டிருக்கிறோமே" என்ற நம்பிக்கையில் கெடுவை விட்டவர்கள் நிறைய. மனுக் கட்டணம் 60 டாலர்தான். ஒரு வருடத்துக்கான விவகாரத் தொகை 50,000 டாலருக்குள் இருந்தால் சிறு வழக்கு முறையைக் கேட்டு நீங்களே வாதாடலாம். தொகை அதைத் தாண்டினாலோ விஷயம் சட்டப் பிரச்சினையானாலோ, நோட்டீஸ் கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். எண்பதாவது நாள் போனால் நல்ல வக்கீல்கள் பலர் எடுக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: பாக்கி நிஜமா, எவ்வளவு

ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் கணக்கு திறந்து ஒவ்வொரு வருடத்துக்கும் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. எந்தத் தேதியில் வரி விதித்தார்கள், எவ்வளவு அபராதம், எது வட்டி என்று எல்லாம் அதில் இருக்கும். வரி விதித்த தேதியை வட்டமிடுங்கள். வசூலிக்க ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் பொதுவாக அந்தத் தேதியிலிருந்து 10 வருடம்தான். தள்ளுபடி கேட்பது, மேலே சொன்ன விசாரணை, திவால் மனு எல்லாம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும். ஒன்பது வருடம் ஓடிய பாக்கிக்கு அவசரப்பட்டுத் தள்ளுபடி மனு போட்டு, தன் கெடுவைத் தானே நீட்டிக்கொள்வதும் நடக்கிறது.

ஏதாவது ஒரு வருடம் ஃபைல் செய்யாமலே விட்டிருந்தால், உங்களுக்குப் பதிலாக ஐ.ஆர்.எஸ்.ஸே ஒரு ரிட்டர்ன் போட்டிருக்கலாம். அதில் உங்களுக்குச் சேர வேண்டிய கழிவுகள் பெரும்பாலும் இருக்காது. உங்கள் சொந்த ரிட்டர்னைப் போட்டாலே பாக்கி இறங்கும்.

பணம் இல்லை என்பதற்காக ஃபைல் செய்யாமல் இருக்காதீர்கள். ஃபைல் செய்யாததற்கு அபராதம் மாதம் 5 சதவீதம். ஃபைல் செய்து கட்டாததற்கு மாதம் அரை சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் உச்சவரம்பு 25 சதவீதம், ஆனால் ஃபைல் செய்யாத அபராதம் ஐந்தே மாதத்தில் அதைத் தொட்டுவிடும்.

மூன்றாம் படி: நீங்களே முடிக்கக் கூடியவை

தொகை சரிதான், மறைத்தது எதுவும் இல்லை, கையில்தான் பணம் இல்லை என்றால் வழி நேரானது. மொத்தப் பாக்கி 50,000 டாலருக்குள் இருந்தால் இணையத்திலேயே மாதத் தவணை போட்டுக்கொள்ளலாம். ஒரு லட்சத்துக்குள் இருந்து, 180 நாளில் அடைக்க முடியும் என்றால் அதற்குத் தனித் திட்டம், தொடக்கக் கட்டணமும் இல்லை. கடந்த மூன்று வருடம் அபராதம் இல்லாமல் ஒழுங்காக இருந்தவர் முதல் தடவை அபராதத்தை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். போனில் கேட்டே நீங்கியவர்கள் உண்டு. வேலை போய், வாடகைக்கே தடுமாறுகிறீர்கள் என்றால் கணக்கைத் தற்காலிகமாக வசூலிக்க முடியாத நிலையில் வைக்கச் சொல்லலாம். வட்டி ஓடும், ஆனால் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள்.

முன்பணம் கேட்கும் அந்தக் கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்வது "ஆஃபர் இன் காம்ப்ரமைஸ்" என்ற தள்ளுபடித் திட்டத்தை. நிஜமான திட்டம்தான். கட்டணம் 205 டாலர், ஒரே தொகையாகக் கட்ட முன்வந்தால் அதில் 20 சதவீதத்தை மனுவோடே அனுப்ப வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் ஐ.ஆர்.எஸ். உங்கள் வீட்டு ஈக்விட்டி (கடன் போக வீட்டின் மதிப்பு), 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு, மாத வருமானத்தில் மிஞ்சுவது, ஊரில் வாங்கிப் போட்ட மனை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டல் பாக்கியைவிட அதிகமாக இருந்தால் தள்ளுபடி கிடைப்பது அபூர்வம். சம்பளக்காரத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. தகுதியைச் சோதிக்க ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே இலவசக் கருவி இருக்கிறது. யாருக்கும் முன்பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் அதில் செலவிடுங்கள். இந்த "ஆஃபர்" கம்பெனிகளைப் பற்றி ஐ.ஆர்.எஸ். தன் வருடாந்திர மோசடிப் பட்டியலிலேயே எச்சரித்திருக்கிறது.

நான்காம் படி: சி.பி.ஏ. போதுமா

சி.பி.ஏ. என்கிற உரிமம் பெற்ற கணக்கருக்கும், ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி நிபுணரான என்ரோல்டு ஏஜென்ட்டுக்கும், படிவம் 2848 மூலம் உங்கள் சார்பாக ஐ.ஆர்.எஸ்.ஸிடம் பேச வக்கீலுக்கு உள்ள அதே உரிமை உண்டு. பழைய ரிட்டர்ன்களைப் போட, ஆடிட்டில் ரசீது காட்ட, பெரிய தொகைக்குத் தவணை பேச அவர்களே பொருத்தம், செலவும் குறைவு. வசூல் விவகாரமே தொழிலாகச் செய்யும் ஒரு என்ரோல்டு ஏஜென்ட், உயில் எழுதும் வக்கீலைவிட இதில் எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: வக்கீல்தான் என்கிற இடங்கள்

முதலாவது, நீங்கள் தெரிந்தே ஏதாவது செய்திருந்தால். வருமானத்தை மறைத்தது, இல்லாத செலவைக் காட்டியது, ரொக்க வியாபாரத்தைக் கணக்கில் சேர்க்காதது. இதை சி.பி.ஏ.விடம் மனம் விட்டுச் சொல்லத் தோன்றும், பத்து வருடப் பழக்கமாக இருப்பார். சொல்லாதீர்கள். வக்கீலிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொன்னதை வெளியே சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சி.பி.ஏ.வுக்குச் சட்டம் ஒரு குறுகிய பாதுகாப்பு தருகிறது, ஆனால் அது கிரிமினல் விவகாரத்தில் செல்லாது, ரிட்டர்ன் தயாரிப்பதற்காகச் சொன்னதற்கும் பொதுவாகச் செல்லாது. உங்களுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற அவரை அழைக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் வக்கீல், பிறகு அந்த வக்கீலே தனக்கு உதவியாக வேறொரு கணக்கரை அமர்த்துவார். 1961-ல் வந்த கோவெல் என்ற தீர்ப்பிலிருந்து வந்த ஏற்பாடு இது. பழைய சி.பி.ஏ.வை அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள்.

ஐ.ஆர்.எஸ்.ஸின் கிரிமினல் பிரிவிலிருந்து ஸ்பெஷல் ஏஜென்ட் இருவர் பேட்ஜைக் காட்டி வாசலில் நின்றால், பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "என் வக்கீல் உங்களைத் தொடர்புகொள்வார்" என்பதோடு நிறுத்துங்கள். காபி கொடுத்து உட்கார வைத்து விளக்கம் சொல்வது நம் பண்பாக இருக்கலாம். அங்கே சொல்லும் ஒரு தவறான வாக்கியமே தனிக் குற்றமாகலாம். சாதாரண ஆடிட் நடந்துகொண்டிருக்கையில் அதிகாரி திடீரெனப் பதில் தருவதை நிறுத்திவிட்டாலும் வக்கீலைப் பாருங்கள். கோப்பு கிரிமினல் பிரிவுக்குப் போயிருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

இரண்டாவது, இந்தியாவில் உள்ள கணக்குகள். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊர் வங்கியில் போடும் என்.ஆர்.இ. டெபாசிட்டின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் வரி விஷயத்தில் அமெரிக்கவாசியாகக் கருதப்படுபவர், எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும்கூட, அதை அமெரிக்க ரிட்டர்னில் காட்டித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை தனியாகப் போட வேண்டும். அம்மா அப்பாவோடு உங்கள் பெயரும் சேர்ந்த ஜாயின்ட் அக்கவுண்ட்டும் இதில் சேரும். "அது அப்பா பணம், என் பெயர் சும்மாதான் இருக்கிறது" என்பது எஃப்பாரைத் தவிர்க்கும் காரணம் ஆகாது. 2015-ல் இந்தியாவும் அமெரிக்காவும் போட்ட, கணக்கு விவரம் பகிரும் ஃபாட்கா ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய வங்கிகள் தரும் தகவல் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகிறது.

தெரியாமல் விட்டதற்கும் தெரிந்தே விட்டதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தெரியாமல் விட்டிருந்தால் அபராதம் அறிக்கைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று அல்ல என்று 2023-ல் பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிப்படை வரம்பு 10,000 டாலர், விலைவாசியோடு ஏறும். தெரிந்தே விட்டது என்று முடிவானால் ஒரு லட்சம் டாலர் (இதுவும் விலைவாசியோடு ஏறும்) அல்லது கணக்கில் இருந்த தொகையில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதுவரை போகலாம். ரிட்டர்னில் ஷெட்யூல் பி-யின் அடியில் "வெளிநாட்டில் கணக்கு உண்டா" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே "இல்லை" என்று இருந்ததைத் தெரிந்தே செய்ததற்குச் சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்குகள் உண்டு, கையெழுத்துப் போட்டவர் அதைப் படிக்கவே இல்லை என்றாலும்.

நிஜமாகவே தெரியாமல் விட்டவர்களுக்கு ஸ்ட்ரீம்லைன்டு என்ற திட்டம் இருக்கிறது. மூன்று வருட ரிட்டர்ன், ஆறு வருட எஃப்பார், அமெரிக்காவில் வசிப்பவருக்கு 5 சதவீத அபராதம். அதோடு, ஏன் விட்டேன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அந்த ஒரு பக்கத்துக்காகவே வக்கீல் வேண்டும் என்பேன். தெரிந்தே செய்தவர் இந்தத் திட்டத்தில் நுழைந்தால் தன் கையாலேயே தனக்கு எதிரான ஆவணத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. அவருக்குத் தானாக முன்வந்து வெளிப்படுத்தும் வேறு வழி உண்டு, அதை வக்கீல் இல்லாமல் தொடவே கூடாது. வருமானம் முழுவதும் காட்டி, எஃப்பார் மட்டும் விட்டுப்போனவருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. அதற்கு விவரமறிந்த சி.பி.ஏ. போதும். ஒரு முக்கியமான விஷயம்: ஐ.ஆர்.எஸ். உங்கள் கணக்கை ஆய்வு செய்யத் தொடங்கிய பிறகு ஸ்ட்ரீம்லைன்டு கதவு மூடிவிடும்.

மூன்றாவது, குடியுரிமை இல்லாதவர்கள். வெறும் பாக்கி இருப்பதால் யாரையும் நாடு கடத்துவதில்லை. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் வரி பாக்கி உண்டா என்று கேட்பார்கள். தவணை போட்டு ஒழுங்காகக் கட்டிவருவதைக் காட்டும் கடிதம் அப்போது கை கொடுக்கும். ஆனால் குற்றத் தீர்ப்பு வந்துவிட்டால் நிலைமை வேறு. 2012-ல் கவாஷிமா வழக்கில், கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு ஜப்பானியத் தம்பதி பொய் ரிட்டர்ன் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்ததும், அரசுக்கான இழப்பு 10,000 டாலரைத் தாண்டியதும் நாடு கடத்தப் போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கிரீன் கார்டு, எச்-1பி காரர்கள் எதையும் ஒப்புக்கொள்ளும் முன் வரி வக்கீலும் குடிவரவு வக்கீலும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்குச் சிக்கல் பாஸ்போர்ட்டில் வரும். பாக்கி ஒரு வரம்பைத் தாண்டி (2025-ல் 64,000 டாலர்) வசூல் நடவடிக்கையும் குறிப்பிட்ட கட்டத்தை எட்டிவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிப்பு மறுக்கப்படலாம். தவணை ஒப்பந்தம் போட்டாலே இது பெரும்பாலும் தீரும்.

நான்காவது, சம்பளப் பிடித்த வரி. நீங்கள் கம்பெனி நடத்தி, ஊழியர் சம்பளத்தில் பிடித்ததை அரசுக்குக் கட்டாமல் வாடகைக்கும் சப்ளையருக்கும் கொடுத்துவிட்டால், கம்பெனியைத் தாண்டி உங்கள் சொந்த சொத்துக்கே வருவார்கள். சின்ன ஐ.டி. கன்சல்டிங் கம்பெனிகளில் மனைவி பெயரைத் தலைவராகப் போட்டு வைத்திருப்பார்கள். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்ததால் அந்த அம்மாவும் மாட்டிக்கொள்ளலாம். யார் பொறுப்பு என்று அறிய படிவம் 4180 வைத்து அதிகாரி பேட்டி எடுப்பார். அந்தப் பேட்டிக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். பிறகு லெட்டர் 1153 வந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். திவால் மனு போட்டாலும் இந்தக் கடன் அழியாது.

கணவன் அல்லது மனைவி செய்த தவறுக்கு ஜாயின்ட் ரிட்டர்ன் காரணமாக இன்னொருவர் மாட்டிக்கொண்டால், படிவம் 8857 மூலம் விடுதலை கேட்கலாம். இருவருக்கும் ஒரே வக்கீல் கூடாது, நலன்கள் மோதும். பழைய வருமான வரியைத் திவாலில் அழிக்க முடியுமா என்பது நுணுக்கமான தேதிக் கணக்கு; ஒரு வாரம் முந்திப் போட்டாலும் கெட்டுவிடும், அதனால் அதற்கும் வக்கீல்.

ஆறாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

வக்கீல்களுக்கான மாநில அமைப்பான பார் தளத்தில் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கைகளும் தெரியும், முதலில் அதைப் பாருங்கள். டாக்ஸ் கோர்ட்டில் ஆஜராகும் அனுமதி உண்டா, உங்களுடையது போன்ற வழக்குகளைச் செய்திருக்கிறாரா, வேலையைச் செய்யப் போவது அவரா வேறு யாரோவா என்று கேளுங்கள். தவணை, தள்ளுபடி மாதிரி வேலைக்கு மொத்தக் கட்டணம் பேசலாம். கோர்ட், கிரிமினல் என்றால் மணிக்கணக்குதான் வழக்கம். எந்த வேலை கட்டணத்தில் அடங்கும், எது அடங்காது என்பது எழுத்தில் வேண்டும். டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்காமலே "பாதிக்குப் பாதி குறைத்துவிடலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வசதி குறைந்தவர்களுக்கு வரி கிளினிக்குகள் உண்டு. வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள், விவகாரத் தொகை பொதுவாக 50,000 டாலருக்குள் இருந்தால் இலவசமாகவோ சின்னக் கட்டணத்திலோ வாதாடுவார்கள், பட்டியல் ஐ.ஆர்.எஸ். வெளியீடு 4134-ல். ஐ.ஆர்.எஸ்.ஸின் தாமதத்தால் குடும்பமே தவித்தால் வரி கட்டுபவர்களுக்கு உதவவே உள்ள டாக்ஸ்பேயர் அட்வகேட் அலுவலகத்துக்குப் படிவம் 911 அனுப்பலாம்.

ஏழாம் படி: முதல் சந்திப்புக்கு முன்

எல்லா நோட்டீஸ்களையும் உறையோடு தேதி வரிசையில் அடுக்குங்கள். தபால் முத்திரைத் தேதியே சில சமயம் கெடுவைக் காப்பாற்றும். ஆறு வருட ரிட்டர்ன், டிரான்ஸ்கிரிப்ட், இந்தியக் கணக்குகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் அந்தந்த வருடத்தின் உச்ச இருப்பு. ஊரில் உள்ள கணக்கை அவசரமாக மூடாதீர்கள், தம்பி பெயருக்கு மாற்றாதீர்கள், பழைய ரிட்டர்னைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பாதீர்கள். மூன்றும் மறைக்கும் எண்ணமாகப் பார்க்கப்படலாம். வாட்ஸ்அப் குழுவில் கதையை எழுதிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம். அந்த மெசேஜ்களுக்கு வக்கீல் ரகசியம் கிடையாது.

வக்கீல் படிவம் 2848-ஐ அனுப்பியதும் அதன் நகலை வாங்கி வையுங்கள். அப்புறம் ஆபீஸில் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி, இந்த வருடத்துக்கான பிடித்தத்தைச் சரியாக்குங்கள். புதிதாக ஒரு பாக்கி விழுந்தால் போட்ட தவணை ஒப்பந்தம் முறியும், கிடைத்த தள்ளுபடியும்கூட ஐந்து வருடத்துக்குள் ஒழுங்கு தவறினால் ரத்தாகும்.